வீட்டு வானொலி நிலையம்: கருவிகளை இணைக்கும் வரிசை

கடைமடை வாய்க்காலில் அடைப்பு இருக்கும்போது தலைமதகைத் திறந்துவிடும் உழவர் எவரும் இலர். முதலில் வயலின் வடிகாலைப் பார்க்கிறோம். பிறகு கிளை வாய்க்காலைச் செப்பனிடுகிறோம். கரை உடைந்த இடங்களை மண்ணிட்டு அடைக்கிறோம். எல்லாம் முடிந்த பின்னரே மதகின் மேல் கை வைக்கிறோம். நீர் மேலிருந்து கீழே வரும். நம் வேலையோ கீழிருந்து மேலே செல்லும். தறியிலும் இதே முறைதான். பாவு ஓடி, விழுதிலும் அச்சிலும் இழை வாங்கிப் பிணைத்த பிறகே நாடாவை எடுக்கிறோம்.

இம்மாதப் பாடம் நம் தொழிலுக்குச் சற்றுப் புறம்பானது. ஆயினும் அதன் அடிப்படை மேலே சொன்ன ஒன்றுதான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பண்ணை வீடுகளிலும் பிற இல்லங்களிலும் பயன்பட்டுவரும் ‘சிட்டிசன்ஸ் பேண்ட்’ எனப்படும் குடிமக்கள் வானொலி நிலையத்தை எவ்வாறு இணைப்பது என்பதை இங்கே ஆராய்வோம். இதனைச் சுருக்கமாகச் சி.பி. என்பர். வரிசை தவறினால் கருவி கெடும். சில வேளைகளில் உயிரும் போகும். ஆகவே உறுப்பினர்கள் இதனைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

1. சி.பி. வானொலி என்பது யாது?

நாம் வீட்டில் வைத்துப் பாட்டும் செய்தியும் கேட்கும் வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே வல்லது. சி.பி. பெட்டி கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். மைக்கில் உள்ள விசையை அழுத்தினால் நம் பேச்சு அலையாகி வெளியே செல்லும். விசையை விட்டால் பிறர் பேச்சு நமக்குக் கேட்கும். ஒரே நேரத்தில் இரண்டும் இயலாது.

இத்தகைய வானொலியின் முன்னோடிகளுள் ஒருவர் ஆல் கிராஸ் என்பவர். அவருடைய நிறுவனம் செய்த கருவிகளுக்கு 1948-இல் அந்நாட்டுக் கூட்டாட்சிச் செய்தித் தொடர்பு ஆணையம் ஒப்புதல் அளித்தது. அவற்றைப் பெரும்பாலும் வாங்கியவர்கள் உழவர்களும் கடலோரக் காவல் படையினரும் என்பது நம் உறுப்பினர்கள் கருதத்தக்க செய்தியாகும். 1958-இல் ஆணையம் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. முதலில் இருந்த 23 தடங்கள் 1977-இல் 40 ஆயின. தனித்தனியே உரிமம் பெறும் கட்டாயம் 1983-இல் நீங்கியது. சாதாரண ஏ.எம். முறையிலும், 2021-இல் இசைவு பெற்ற எஃப்.எம். முறையிலும் 4 வாட் ஆற்றலே அனுமதிக்கப்பட்டுள்ளது. ஒற்றைப் பக்க அலை முறையில் உச்ச அளவு 12 வாட்.

நான்கு வாட் என்பது ஒரு சிறு விளக்கின் ஆற்றலே. இவ்வளவு சிறு ஆற்றலைக் கொண்டு பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பேச வேண்டுமாயின், அதில் ஒரு பங்கும் வழியில் வீணாகக் கூடாது. இணைப்பு முறை இத்துணை முக்கியமாவது இதனாலேயே.

2. இரண்டு வழிகள்

நிலையத்தில் இரண்டு வழிகள் உள்ளன. அவற்றைத் தனித்தனியே மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, மின்சாரம் வரும் வழி. சுவரிலுள்ள மின் இணைப்பிலிருந்து மின்மாற்றுப் பெட்டிக்கும், அங்கிருந்து பியூஸ் வழியாக வானொலிப் பெட்டிக்கும் மின்சாரம் வருகிறது. அமெரிக்க இல்லங்களில் கிடைக்கும் 120 வோல்ட் மாறுமின்சாரத்தை இம்மின்மாற்றுப் பெட்டி 13.8 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. மோட்டார் வண்டிக்காகச் செய்யப்பட்ட சி.பி. பெட்டியையும் வீட்டில் வைத்து இயக்க முடிவது இதனால்தான். நான்கு வாட் பெட்டிக்கு 3 முதல் 5 ஆம்பியர் வரை இடைவிடாது தரவல்ல மின்மாற்றுப் பெட்டி போதுமானது.

இரண்டாவது, பேச்சு செல்லும் வழி. மைக்கிலிருந்து வானொலிப் பெட்டி. அங்கிருந்து சிறு கேபிள் வழியாக அளவு காட்டும் மீட்டர். மீட்டரிலிருந்து நீண்ட கேபிள். அது வீட்டினுள் நுழையும் இடத்தில் இடிதாங்கிக் கருவி. அதன்பின் கூரைக்கோ கம்பத்துக்கோ மேலேயுள்ள ஏரியல். அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் இடையூறு தோன்றினால், வேண்டாத உயர் அலைகளைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றை வானொலிப் பெட்டிக்கும் மீட்டருக்கும் இடையே சேர்ப்பது உண்டு.

பேச்சு மைக்கில் தொடங்கி ஏரியலில் முடிகிறது. நாம் இணைக்கும் வேலையோ ஏரியலில் தொடங்கி மைக்கில் முடிய வேண்டும். இப்பாடத்தின் சாரம் இவ்வொரு வாக்கியமே.

3. இவ்வரிசை ஏன்?

பெட்டியினுள் கடைசியாக அமைந்துள்ள டிரான்சிஸ்டர், தான் ஆக்கும் ஆற்றலை 50 ஓம் தடையுள்ள வழியில் வெளியே அனுப்புமாறு வகுக்கப்பட்டது. ஏரியல் இணைக்கப்படாத நிலையில் மைக்கின் விசையை அழுத்தினால் அவ்வாற்றலுக்குப் போக்கிடம் இல்லை. அது திரும்பி வந்து டிரான்சிஸ்டரைத் தாக்குகிறது. அது சூடேறிக் கெடலாம். சில பெட்டிகளில் இதற்குக் காப்பு உண்டு, பலவற்றில் இல்லை. புதுப்பெட்டி வாங்கியவர் ஆவல் மிகுதியால் முதலில் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, மைக்கையும் செருகி, ‘கேட்கிறதா?’ என்று கூப்பிடுவது இயல்பே. அந்த ஒரு சொல்லுக்கு அவர் கொடுக்கும் விலை பெட்டியின் விலையாகவும் ஆகலாம். நீர் நிரப்பாமல் பம்பை ஓட்டிச் சீலைத் தேய்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

4. முதற்படி: ஏரியலுக்கு இடம் தேர்தல்

வேலையின் மிக ஆபத்தான பகுதி முதலிலேயே வருகிறது. மின்சாரக் கம்பிக்கு அருகில் உலோக ஏரியலைத் தூக்கி நிறுத்தும்போது அது சாய்ந்து கம்பியைத் தொட்டு, பிடித்திருந்தவர்கள் உயிரிழந்த விபத்துகள் அமெரிக்காவில் நேர்ந்தன. இதன் காரணமாகவே, 1978 செப்டம்பர் முதல் செய்யப்படும் சி.பி. வீட்டு ஏரியல்களில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. எல்லாத் திசைக்கும் அலை பரப்பும் வீட்டு ஏரியல்கள் மின்கம்பியைத் தொட்டாலும் பிடித்திருப்பவரைக் காக்கும் வகையில் மறைப்பு பெற்றிருக்க வேண்டும் என்ற தரவிதி 1983-இல் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் விதியை நம்பி விழிப்பைக் கைவிடலாகாது. கம்பமும் ஏரியலும் சேர்ந்த நீளம் எவ்வளவோ, அதைப்போல் இருமடங்குத் தொலைவாவது மின்கம்பியிலிருந்து விலகி இடம் தேர்வது நல்லது. அப்போதுதான் அது எப்பக்கம் விழுந்தாலும் கம்பியை எட்டாது. காற்று வீசும்போதும் மழை தூறும்போதும் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது. தனியாளாகவும் தொடங்கக் கூடாது. ஏரியல் கை நழுவிச் சாயத் தொடங்கினால் அதைத் தாவிப் பிடிக்காமல் விழவிட்டு விலகுவதே அறிவுடைமை; முறிந்த ஏரியலை வாங்கிவிடலாம்.

உயரத்துக்கும் வரம்பு உண்டு. அமெரிக்க விதிப்படி ஏரியலின் உச்சி தரையிலிருந்து 60 அடிக்கு மேற்படக் கூடாது. அல்லது அது பொருத்தப்பட்ட கட்டடத்தின் உச்சியிலிருந்து 20 அடிக்கு மேற்படக் கூடாது. விமான நிலையத்துக்கு அருகில் இவ்வரம்பு இன்னும் குறையும். இப்பகுதியின் அலைநீளம் சுமார் 11 மீட்டர். ஆகவே அரை அலை ஏரியல் ஏறக்குறைய 18 அடியும், கால் அலை ஏரியல் 9 அடியும் இருக்கும்.

5. இரண்டாம் படி: பூமி இணைப்பும் கேபிளும்

ஏரியலை நிறுத்தியவுடன் அதன் கம்பத்தைத் தடித்த செப்புக் கம்பியால் பூமியில் இறக்கிய உலோகத் தண்டுடன் இணைக்க வேண்டும். அமெரிக்க வழக்கில் இத்தண்டு 8 அடி நீளமுடையது. கம்பத்துக்கெனத் தனித்தண்டு இறக்கினால், அதனை வீட்டு மின் இணைப்பின் எர்த்துடனும் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டும் தொடர்பின்றித் தனித்தனியே நின்றால், அருகில் இடி விழும்போது இரண்டுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு தோன்றி, இடையிலுள்ள வானொலிப் பெட்டியின் வழியே பாயும்.

கேபிள் 50 ஓம் கோஆக்சியல் வகையாக இருத்தல் வேண்டும். தொலைக்காட்சிக்குரிய 75 ஓம் கேபிள் இதற்கு ஏற்றதன்று. கேபிளிலும் தரவேறுபாடு உண்டு. ஆர்.ஜி. 58 எனப்படும் மெல்லிய கேபிள் 100 அடி நீளம் ஓடினால், புறப்பட்ட 4 வாட்டில் பாதியைச் சற்றே மிஞ்சிய அளவுதான் ஏரியலை அடையும். ஆர்.ஜி. 8 எனப்படும் தடித்த கேபிளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சென்றடையும். நீளம் குறைவாயின் மெல்லியது போதும். நீளம் மிகுதியாயின் தடித்ததற்குச் செலவிடுவது வீண்செலவன்று.

ஏரியலின் அடியிலுள்ள கனெக்டரைக் கையால் இறுக முறுக்கி, நீர் புகாத நாடாவால் பொதிய வேண்டும். கேபிளினுள் மழைநீர் இறங்கினால் அது பயனற்றுப் போகும். வீட்டினுள் நுழையுமுன் கேபிளைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினால், மழைநீர் அவ்வளைவிலிருந்து சொட்டிவிடும், சுவருக்குள் வராது. இடிதாங்கிக் கருவியை வீட்டுக்கு வெளியே, கேபிள் நுழையும் இடத்திலேயே வைத்து, அதன் பூமிக் கம்பியைக் குறுகியதாகவும் நேரானதாகவும் இறக்க வேண்டும்.

6. மூன்றாம் படி: மீட்டரும் பெட்டியும்

இப்போது கேபிளின் முனை மேசைக்கு வந்துவிட்டது. இதனை மீட்டரில் ஏரியலுக்கெனக் குறிக்கப்பட்ட வாயில் பொருத்த வேண்டும். மீட்டரின் மற்றொரு வாயிலிருந்து சிறு கேபிளை வானொலிப் பெட்டியின் பின்புறமுள்ள ஏரியல் வாய்க்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு வாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; மாற்றிப் பொருத்தினால் மீட்டர் தலைகீழாகக் கணக்குக் காட்டும். எழுத்தைப் படித்துப் பொருத்துக.

இம்மீட்டர் அளப்பது நிலையலை விகிதம். பெட்டியிலிருந்து ஏரியலுக்குச் சென்ற ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை இது காட்டும். விகிதம் ஒன்று எனில் ஒன்றும் திரும்பவில்லை என்பது பொருள். ஒன்றரை எனில் நூற்றில் 4 பங்கு திரும்புகிறது. இரண்டு எனில் 11 பங்கு. மூன்று எனில் 25 பங்கு. ஒன்றரைக்குள் இருப்பது நன்று. இரண்டு வரை பொறுக்கலாம். மூன்றாயின் பேச்சை நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும்.

ஏரியலை ஒத்திசைக்கும் பெட்டி ஒன்றையும் சிலர் இடையில் வைப்பர். அது வானொலிப் பெட்டியின் கண்ணுக்குக் குறையை மறைக்குமே தவிர, ஏரியலின் குறையைத் தீர்க்காது. ஆகவே முதற்சோதனையை அதின்றியே நடத்துக. ஆற்றலைப் பெருக்கும் பெட்டியோ சி.பி. நிலையத்தில் சேர்க்க அமெரிக்கச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அது பிறர் தடங்களையும் கெடுப்பதாகும்.

7. நான்காம் படி: மின்சாரம்

ஏரியல் பெட்டி வரை வந்து சேர்ந்த பின்னரே மின்சாரத்தைப் பற்றி எண்ணுகிறோம். மின்மாற்றுப் பெட்டியைத் தனியே இயக்கி, அது 13.8 வோல்ட் தருகிறதா என்று மீட்டரால் சோதிக்க வேண்டும். பிறகு அதனை நிறுத்தி, சுவரிலிருந்தும் பிளக்கை எடுத்துவிட வேண்டும். இந்நிலையில்தான் வானொலிப் பெட்டியின் கம்பிகளை இணைக்கிறோம்: கறுப்பு எதிர்முனைக்கு, சிவப்பு நேர்முனைக்கு. இணைத்த பின் ஒருமுறை நாமும், மறுமுறை அருகிலிருப்பவரும் சரிபார்த்தல் நலம்.

சிவப்புக் கம்பியிலுள்ள பியூஸ் சிறு பொருள். ஆனால் பெட்டியின் காவலாளி அதுவே. அது எரிந்துபோனால் அதே அளவுள்ள வேறொன்றை இடுவதற்கு முன், ஏன் எரிந்தது என்று அறிதல் வேண்டும். நம் ஊர்களில் பியூஸ் போனால் கையில் அகப்பட்ட செப்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் உண்டு. அது காவலாளியை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

8. ஐந்தாம் படி: மைக், பிறகு செவி, பிறகு வாய்

பெட்டி நிறுத்தப்பட்ட நிலையிலேயே மைக்கைச் செருகுக. இனி மின்சாரத்தைக் கொடுத்துப் பெட்டியை இயக்கலாம். ஆயினும் உடனே பேசலாகாது. முதலில் கேட்க வேண்டும். ஒலி வருகிறதா, எந்தத் தடத்தில் எவர் பேசிக்கொண்டிருக்கின்றனர் என்று அறிந்த பிறகு, ஒருவரும் பேசாத தடமொன்றில் சில விநாடிகள் மட்டும் விசையை அழுத்தி விகிதத்தை அளக்க வேண்டும். 1-ஆம் தடம், 20-ஆம் தடம், 40-ஆம் தடம் ஆகிய மூன்றிலும் அளந்து குறித்துக்கொள்க. 9-ஆம் தடத்தில் ஒருபோதும் சோதனை செய்யலாகாது. அது ஆபத்துக்கும் வழிப்போக்கர் உதவிக்கும் ஒதுக்கப்பட்டது.

1-ஆம் தடத்தில் விகிதம் மிகுந்து 40-இல் குறைந்தால் ஏரியல் குட்டையானது என்று அறிக. 40-இல் மிகுந்து 1-இல் குறைந்தால் ஏரியல் நீளமானது. அதற்கேற்ப நீட்டவோ குறைக்கவோ வேண்டும். அப்போதெல்லாம் பெட்டியை நிறுத்திவிட்டே ஏரியலைத் தொட வேண்டும். எல்லாத் தடங்களிலும் விகிதம் மூன்றைத் தாண்டினால், குற்றம் நீளத்தில் இல்லை; பெரும்பாலும் கேபிளிலோ கனெக்டரிலோ இருக்கும். அங்கே தேடுக.

9. பிரிக்கும் வரிசை

நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும். முதலில் பேச்சை முடித்துப் பெட்டியை நிறுத்துகிறோம். அடுத்து மின்மாற்றுப் பெட்டி. அதன்பின் சுவர் பிளக். ஏரியல் கேபிளைக் கடைசியிலேயே கழற்றுகிறோம். இடிமழை வரக்கூடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே கேபிளைக் கழற்றி வெளியே விட்டுவிட வேண்டும். இடி முழங்கத் தொடங்கிய பின் கேபிளில் கை வைப்பது கூடாது. இடிதாங்கிக் கருவி தூரத்து இடியின் தூண்டலைத் தாங்கும். நேரே விழும் இடியை அது முற்றும் தடுத்துவிடும் என்று எண்ணுவது தவறு.

10. இவ்வளவும் எதற்காக?

ஒரு காட்சியை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். அயோவா மாநிலத்துச் சோளப் பண்ணை ஒன்று. அண்டை வீடு ஒரு மைலுக்கு அப்பால். வயலின் கோடியில் டிராக்டர் பள்ளத்தில் சரிந்து, ஓட்டியவரின் கால் சிக்கிக்கொள்கிறது. கைப்பேசிக்கு அங்கே அலை எட்டவில்லை. டிராக்டரிலுள்ள சி.பி. மைக் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அவர் அழைக்கிறார். வீட்டு நிலையத்தில் இருப்பவர் செவியில் அது விழுமா? கனெக்டரில் நீர் புகுந்திருந்தால் விழாது. சென்ற மாதம் ஆவலால் பெட்டியைக் கெடுத்துக்கொண்டிருந்தால், கேட்டாலும் மறுமொழி சொல்ல இயலாது. வேலை செய்த நாளில் காட்டிய பொறுமை, வேண்டிய நாளில் பயன் தருகிறது.

இன்னொன்றும் உண்டு. 40 தடங்களும் எவருக்கும் சொந்தமல்ல; எல்லாருக்கும் பொதுவானவை. ஓர் உரையாடல் ஐந்து நிமிடங்களுக்கு மேற்படக் கூடாது, முடிந்ததும் ஒரு நிமிடமாவது மௌனம் காக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. 1962-இல் தோன்றிய ‘ரியாக்ட்’ என்னும் தொண்டர் அமைப்பினர் ஆபத்து அழைப்புகளைச் செவிமடுத்து உதவி வரவழைக்கும் பணியை ஊதியமின்றி மேற்கொண்டனர். ஏரிநீரை முறைவைத்துப் பாய்ச்சுபவர்களுக்கும், சங்கத்து நூலைப் பங்கிட்டு நெய்பவர்களுக்கும் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டைப் பற்றி ஒரு சொல். இந்திய அரசு 2005-இல் வெளியிட்ட விதிகள், 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில், பெட்டியோடு சேர்ந்தே அமைந்த ஏரியலுடன் 5 வாட்டுக்கு மேற்படாமல் இயங்கும் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்தன. கூரைமேல் தனி ஏரியல் நாட்டி நிலையம் அமைப்பது அவ்விலக்கில் அடங்குவதன்று. ஆகவே உறுப்பினர் எவரேனும் இத்துறையில் ஆர்வங்கொண்டால், மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் நடப்பு விதியைக் கேட்டறிந்த பின்னரே பொருள் வாங்குதல் வேண்டும். வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது சட்டம்.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. பேச்சு செல்லும் வழியும் நாம் இணைக்கும் வழியும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. ஏரியல் இல்லாமல் மைக்கின் விசையை அழுத்தினால் நேர்வது யாது?
3. கம்பத்தின் பூமித்தண்டை வீட்டு எர்த்துடன் சேர்த்துக் கட்டுவது ஏன்?
4. 40-ஆம் தடத்தில் விகிதம் மிகுந்து 1-ஆம் தடத்தில் குறைந்திருந்தால் ஏரியலை என்செய்ய வேண்டும்?
5. நம் சங்கப் பணிகளுள் முடிவிலிருந்து தொடங்கிச் செப்பனிட வேண்டிய வேலைகள் எவை? மூன்றினைக் கூறுக.